தூக்குக் கயிற்றுக்குப் பிறகு என்ன?

2002 ஆகஸ்டில், ரக்ஷா பந்தன் சமயத்தில், இந்தூர் சிறைக்கு ஒரு கன்னியாஸ்திரி வந்தார். கேரளத்துக்காரர். பெயர் செல்மி பால். அங்கே ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த சமந்தர் சிங் என்ற கைதியின் மணிக்கட்டில் ராக்கி கட்டி, அவரைத் தன் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1995 பிப்ரவரி 25-ம் தேதி, செல்மியின் அக்காவைக் கொன்றவர் அந்தக் கைதி.

அக்காவின் பெயர் ராணி மரியா. அவரும் கன்னியாஸ்திரிதான். மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில், உதய்நகர் என்ற ஊரில், ஆதிவாசி விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தவர். அது நிலவுடைமையாளர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. இந்தூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, சக பயணிகளின் கண் முன்னால், ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்திக் குத்துகளுடன் அவர் செத்தார். வயது 41.

ராக்கி கட்டியதோடு விஷயம் முடிந்திருந்தால், மனதைத் தொடும் சம்பவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். முடியவில்லை. கொலையாளியை விடுவிக்கும்படி ராணி மரியாவின் குடும்பமே அரசைக் கேட்டது. 2006-ல் அவர் விடுதலையானார். அடுத்த ஆண்டு கேரளத்துக்குப் போய், புல்லுவழி கிராமத்தில் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4-ம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை 'அருளாளர்' பட்டம் வழங்கியபோது, கூட்டத்தில் சமந்தர் சிங்கும் இருந்தார்.

இன்னொரு சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. 1999 ஜனவரி 22-ம் தேதி இரவு. ஒரிசாவின் (இன்றைய ஒடிசா) கியோஞ்சர் மாவட்டம், மனோகர்பூர் கிராமம். பாரிபதாவில் தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்திவந்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸும், 10 வயது பிலிப்பும், 6 வயது திமோத்தியும் தங்கள் ஸ்டேஷன் வேகனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கும்பல் வண்டிக்குத் தீ வைத்தது. மூவரும் உள்ளேயே கருகினார்கள். கும்பலுக்குத் தலைமை தாங்கியவர் தாரா சிங் என்கிற ரவீந்திர குமார் பால். ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ், கொலைகாரர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: மன்னிப்பையும் குற்றத்தின் விளைவுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

இரண்டு பெண்களுமே கிறிஸ்தவர்கள். இருவருமே மன்னித்தார்கள். ஒருவர் சிறைக் கதவைத் திறக்கச் சொன்னார். மற்றவர், சட்டம் தன் வேலையைச் செய்யட்டும் என்று ஒதுங்கி நின்றார். இவர்களில் யார் கிறிஸ்தவ நெறிப்படி நடந்தார் என்று கேட்டால், இருவருமே என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மரண தண்டனை விஷயத்தில் கிறிஸ்தவர்கள் எப்போதும் ஒரே கருத்தோடு இருந்ததில்லை. பைபிளிலேயே இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கிடைக்கும். மனித ரத்தத்தைச் சிந்துபவனின் ரத்தம் மனிதனால் சிந்தப்படும் என்கிற பொருளில் ஆதியாகமத்தின் 9-வது அதிகாரம் பேசுகிறது. அரசு வீணாக வாளேந்தி நிற்கவில்லை என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். மறுபக்கத்தில், முதல் கொலைகாரனான காயீனை யாரும் கொன்றுவிடக் கூடாதென்று கடவுளே அவன்மீது அடையாளம் இடுகிறார். கல்லெறிந்து கொல்லப்படவிருந்த பெண்ணை இயேசு காப்பாற்றி அனுப்புகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மதத்தின் மைய அடையாளமே ஒரு மரண தண்டனைக் கருவிதான். சிலுவை என்பது ரோம அரசின் தூக்கு மரம். சட்டப்படி விசாரித்து, சட்டப்படி தீர்ப்பளித்து, ஒரு நிரபராதியைக் கொன்ற மரம்.

ஆனாலும் அரசு அதிகாரம் கையில் கிடைத்த பிறகு சபைகள் வாளோடு சமாதானமாகிவிட்டன. 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், உடலைக் காப்பாற்ற அழுகிய உறுப்பை வெட்டுவதுபோல, சமூகத்தைக் காப்பாற்றக் கொடியவனை அகற்றலாம் என்றார். நமக்கு இது புதிதல்ல. கொலைபாதகர்களை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிட்டவர் திருவள்ளுவர். களையும் அழுகிய உறுப்பும் ஒரே தர்க்கத்தின் இரண்டு உவமைகள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் பல விஷயங்களில் ரோமோடு முறித்துக்கொண்டாலும் இதில் முறித்துக்கொள்ளவில்லை. கால்வின் வாழ்ந்த ஜெனிவாவில், 1553-ல், வேறுவிதமாக நம்பிய குற்றத்துக்காக மைக்கேல் செர்வெட்டஸ் எரிக்கப்பட்டார். போப்பின் ஆட்சியிலிருந்த பகுதிகளில் 1796-லிருந்து 1864 வரை ஒரே கொலைத் தண்டனையாளர் 516 பேரின் தண்டனையை நிறைவேற்றினார். வாட்டிகன் நகரின் சட்டத்தில் போப்பைக் கொல்ல முயல்பவருக்கு மரண தண்டனை என்ற பிரிவு 1969 வரை இருந்தது.

இந்த வரலாற்றின் ஆரம்பத்திலேயே ஒரு மாற்றுக் குரல் கேட்டது. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன், வட ஆப்பிரிக்காவில், டோனாட்டிஸ்ட் என்ற பிரிவைச் சேர்ந்த தீவிரவாதிகள் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரைக் கொன்றார்கள். இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி, விரலை வெட்டினார்கள். பிடிபட்டுக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கு ரோம அதிகாரி மார்செல்லினஸ் முன் வந்தபோது, ஹிப்போவின் பிஷப் அகஸ்டின் அவருக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஆட்கள் பட்ட துன்பத்துக்குப் பதிலாக இவர்களைக் கொல்லவோ, உறுப்புகளை வெட்டவோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. இனித் தீங்கு செய்ய முடியாதபடி தடுத்து, பயனுள்ள ஏதாவது வேலையில் ஈடுபடுத்துங்கள். அதுவும் தண்டனைதான், ஆனால் அது அவர்களுக்கு நன்மையாகவும் முடியும் என்பது அவர் வாதம்.

கொல்லாதே, ஆனால் சும்மாவும் விடாதே. கிறிஸ்தவச் சிந்தனை சுற்றி வளைத்து இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. உலகத் திருச்சபைகள் மன்றம் 1990-ல் மரண தண்டனையை முழுமையாக எதிர்த்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1992-ல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், மிகக் கடுமையான குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்று இன்னமும் ஒப்புக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில், 1995-ல், போப் இரண்டாம் ஜான் பால் அப்படிப்பட்ட தேவை இந்தக் காலத்தில் அநேகமாக இல்லவே இல்லை என்று எழுதினார். 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் மிச்சமிருந்த இடைவெளியையும் அடைத்தார். மரண தண்டனை ஏற்க முடியாதது என்று மறைக்கல்வி நூலின் வாசகமே திருத்தப்பட்டது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 2000-ல் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கத்தோலிக்க நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா, போப்பின் கருத்தோடு தான் உடன்படவில்லை என்று 2002-ல் வெளிப்படையாகவே எழுதினார். மரண தண்டனை பாவம் என்று நினைக்கும் நீதிபதி பதவியை விட்டுப் போக வேண்டும், சட்டத்தை வளைக்கக் கூடாது என்றார். அதில் ஒரு நேர்மை இருந்தது. ஆனாலும் பெரிய சபைகளில் பெரும்பாலானவை இன்று தூக்குக்கு எதிரான பக்கத்தில்தான் நிற்கின்றன.

தூக்கு வேண்டாம், சரி. பிறகு என்ன?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், ஆயுள் தண்டனை. கொஞ்சம் யோசித்தால், ஜான் பாலின் வாதமே சிறைச் சுவரை நம்பித்தான் நின்றது என்பது தெரியும். நவீன அரசிடம் பலமான சிறைகள் இருக்கின்றன. குற்றவாளியைக் கொல்லாமலே சமூகத்தைப் பாதுகாக்க முடியும். ஆகவே கொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் தூக்குக் கயிற்றை அறுத்த கையே சிறைப் பூட்டை இறுக்கவும் செய்கிறது. பிலிப்பைன்ஸில் நடந்ததைப் பாருங்கள். பெரும்பான்மை கத்தோலிக்க நாடு. 1987-ல் மரண தண்டனையைக் கைவிட்டு, 1990-களில் திரும்பக் கொண்டுவந்து, சபையின் இடைவிடாத எதிர்ப்புக்கு நடுவே 2006-ல் மறுபடி ஒழித்தார்கள். ஆயிரத்து இருநூறுக்கும் அதிகமானவர்கள் சாவிலிருந்து தப்பினார்கள். ஆனால் அதே சட்டம், மரண தண்டனைக்குப் பதிலாக நீண்ட சிறைவாசம் பெறுபவர்களுக்குப் பரோல் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. அரசியல்வாதிகளின் கணக்கு புரிகிறது. கயிற்றை விட்டுத்தர வேண்டுமானால் சாவியைத் தூர எறிய வேண்டும்.

இந்த முரண்பாட்டை உடைத்துப் பேசியவரும் பிரான்சிஸ்தான். 2014 அக்டோபரில் குற்றவியல் சட்ட நிபுணர்கள் முன்னால் பேசியபோது, ஆயுள் தண்டனை என்பது மறைத்து வைக்கப்பட்ட மரண தண்டனை என்றார். வாட்டிகன் தன் சட்டத்திலிருந்து அதை 2013-லேயே நீக்கியிருந்தது. 2018-ல் திருத்திய வாசகத்திலும் கவனிக்க வேண்டிய ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்றைய சிறை முறை மக்களைப் பாதுகாக்கப் போதுமானது என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. குற்றவாளி திருந்தி மீளும் வாய்ப்பை அந்தச் சிறை நிரந்தரமாகப் பறித்துவிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. தூக்கு தவறு என்பதற்குக் காரணம் மனிதன் மாறக்கூடியவன் என்ற நம்பிக்கை. அதே நம்பிக்கையின்படி, சாகும்வரை திறக்காத கதவும் தவறுதான். முதலாவதை ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவர்களில் பலர் இரண்டாவதைக் கேட்காததுபோல் இருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் மனுமீது 1961-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான். 14 ஆண்டு என்பது, மரண தண்டனைக்கு இடமுள்ள குற்றங்களில், அரசு முன்விடுதலை தருவதற்கு முன் கழித்தே ஆக வேண்டிய குறைந்தபட்சக் காலம். அதற்குப் பிறகும் விடுதலை செய்வது அரசின் விருப்பம். 2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வகையை உருவாக்கியது. தூக்குக்குப் பதிலாக, முன்விடுதலைக்கே இடமில்லாத ஆயுள் தண்டனை. 2015-ல் அரசியல் சாசன அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. தூக்கைத் தவிர்க்க நீதிபதிகளுக்கு இது வசதியான வழி. ஆனால் பிரான்சிஸ் சொன்ன 'மறைந்த மரண தண்டனை'க்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

இனி மனோகர்பூர். 2003 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்குத் தூக்கும், வேறு 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2005 மே மாதம் ஒரிசா உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. மகேந்திர ஹெம்பிராமின் ஆயுள் தண்டனையை மட்டும் உறுதிசெய்து, மற்ற 11 பேரை விடுவித்தது. 2011 ஜனவரி 21-ம் தேதி நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சவுகான் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இதை ஏற்றுக்கொண்டது. ஸ்டெயின்ஸின் மத நடவடிக்கைகளுக்காக அவருக்குப் பாடம் கற்பிப்பதே நோக்கமாக இருந்தது என்ற பொருளில் ஒரு வாசகம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. நான்கே நாளில் நீதிமன்றம் அதை நீக்கியது.

அந்த எதிர்ப்பைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். தாரா சிங்கைத் தூக்கில் போடாமல் விட்டது அல்ல கோபத்துக்குக் காரணம். விட்டதற்குச் சொன்ன காரணம். இரண்டு சிறுவர்களை எரித்த செயலுக்கு ஒரு நோக்கம் இருந்தது என்று தீர்ப்பு சொன்னபோது, தண்டனையோடு சேர்த்துக் குற்றத்தையும் குறைத்ததுபோல் ஆகிவிட்டது. கருணைக்கும் சலுகைக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கருணை, குற்றத்தை முழு உயரத்துக்கு நிறுத்திவைத்து, அதற்குப் பிறகும் இவனைக் கொல்ல மாட்டோம் என்று சொல்லும். சலுகை, குற்றமே அவ்வளவு பெரிதில்லை என்று சொல்லும்.

மொழிபெயர்ப்பு வேலையில் அடிக்கடி தடுக்கிவிழும் ஒரு சொல் 'மன்னிப்பு'. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உள்ள மூன்று காரியங்களை நாம் இந்த ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறோம். தப்புச் செய்தவன் கேட்பதும் மன்னிப்பு. பாதிக்கப்பட்டவர் கொடுப்பதும் மன்னிப்பு. ராஷ்டிரபதியோ கவர்னரோ கையெழுத்துப் போட்டுத் தருவதும் மன்னிப்பு. ஒன்று இருந்தால் மற்றவை தானாக வந்துவிடும் என்ற பிரமை இதனால் ஏற்படுகிறது. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் பிரித்துக் காட்டியது இதைத்தான். அவர் கொடுத்தது இரண்டாவது மன்னிப்பு. அது மூன்றாவதற்கான சிபாரிசுக் கடிதம் அல்ல.

பாதிக்கப்பட்டவரின் மன்னிப்பை யாரும் கேட்டு வாங்கவும் முடியாது. 2020 ஜனவரியில், தில்லி பாலியல் பலாத்கார வழக்கில் நால்வரின் தூக்கு நெருங்கிய நேரத்தில், ராஜீவ் கொலை வழக்கில் நளினியை மன்னித்த சோனியா காந்தியைப் பின்பற்றும்படி, இறந்த பெண்ணின் தாய் ஆஷா தேவிக்கு மூத்த வக்கீல் இந்திரா ஜெய்சிங் வேண்டுகோள் விடுத்தார். எனக்கு அறிவுரை சொல்ல இவர் யார் என்று அந்தத் தாய் கொதித்தார். மார்ச் 20-ம் தேதி நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். நான் அந்தத் தூக்குக்கு எதிரானவன். ஆனால் ஆஷா தேவியின் கோபம் நியாயமானது. மகளைப் பறிகொடுத்தவர் மன்னித்தால்தான் அரசு கொல்லாமல் இருக்கும் என்றால், நான்கு உயிர்களின் பாரத்தை அந்தத் தாயின் தலையில் ஏற்றிவிட்டு அரசும் சமூகமும் கைகழுவிக்கொள்கின்றன என்று அர்த்தம். பைபிளில் கைகழுவியவர் யார் என்பது நமக்குத் தெரியும். தூக்கு வேண்டாம் என்பது அரசின் முடிவாக இருக்க வேண்டும். தாய் மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி.

பாதிக்கப்பட்டவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கதவைத் திறப்பது அடுத்த கோடி. 2022 ஆகஸ்ட் 15-ம் தேதி, பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை குஜராத் அரசு விடுவித்தது. வெளியே வந்தவர்களுக்கு மாலை மரியாதை நடந்தது. கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளாகி, சிறு மகளையும் உறவினர்களையும் கண் முன் பறிகொடுத்த அந்தப் பெண் மீண்டும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2024 ஜனவரி 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்தது. சிறைக் கதவு திறந்தாலே அது கருணை ஆகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது மனோகர்பூர்க் கைதிகளுக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. மகேந்திர ஹெம்பிராம் 25 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு, நன்னடத்தையின் பேரில், 2025 ஏப்ரலில் கியோஞ்சர் சிறையிலிருந்து விடுதலையானார். தன்மீது பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்டதாக வெளியே வந்ததும் சொன்னார். தாரா சிங், முன்விடுதலை கேட்டு 2024-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ராஜீவ் கொலை வழக்கில் 2022-ல் விடுதலையான பேரறிவாளனை உதாரணம் காட்டினார். இளமை வேகத்தில் செய்ததற்காக வருந்துவதாகவும் அவருடைய மனு சொன்னது. ஆனால் அதே மனு, இந்த நாட்டின்மீது முகலாயரும் பிரிட்டிஷாரும் இழைத்த கொடுமைகளை நினைத்து மனம் கலங்கியிருந்ததாகவும் சொன்னது.

ஆறு வயதுத் திமோத்தி எந்த முகலாயப் படையெடுப்பில் வந்தான்?

தாரா சிங்கைத் தூக்கில் போட வேண்டாம் என்று சொன்ன கிறிஸ்தவர்களுக்கு இது சோதனை நேரம். சிறையிலேயே கிடந்து சாகட்டும் என்று இன்று சொன்னால், கயிற்றின் நீளத்தை மட்டும் கூட்டியவர்கள் ஆகிறார்கள். மன்னித்தாகிவிட்டது, அனுப்பிவிடுங்கள் என்று சொன்னால், பாதிக்கப்பட்டவர்களின் சார்பில் பேசும் உரிமை இல்லாமலே பேசியவர்கள் ஆகிறார்கள். அதோடு, வாசலில் மாலையோடு காத்திருப்பவர்களுக்கு வழிவிட்டவர்களும் ஆகிறார்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. எந்தக் கைதிக்கும் கதவு நிரந்தரமாக மூடப்படக் கூடாது என்று வாதாடலாம். அது தாரா சிங்குக்கும் பொருந்தும். முன்விடுதலை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று, அவரைப் பிடிக்காதவர்கள்தான் உரக்கச் சொல்ல வேண்டும். அதே மூச்சில், கதவு திறப்பதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்றும் கேட்கலாம். செய்த குற்றத்தை, அதன் பெயர் சொல்லி, சாக்கில்லாமல் ஒப்புக்கொண்டாரா? வெளியே வந்தால் ஆபத்து உண்டா? பாதிக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்டார்களா? முடிவு கட்சி ஆபீஸில் எடுக்கப்பட்டதா, அல்லது எல்லாக் கைதிக்கும் பொதுவான விதிப்படி எடுக்கப்பட்டதா? யாரோ ஓர் ஏழைக் கைதி, கூட்டம் சேர்க்கவோ பெரிய வக்கீல் வைக்கவோ வழியில்லாமல் இருபது வருடமாகப் பக்கத்து அறையில் கிடந்தால், அவருடைய மனுவும் இதே வேகத்தில் நகர்ந்ததா?

கிறிஸ்தவ மொழியில் இதற்குப் பழைய பெயர் உண்டு: மனந்திரும்புதல். இது மன ஆறுதலுக்கான சொல் அல்ல. திரும்பி நின்று, விட்டுவந்த பாதையை முகத்துக்கு நேராகப் பார்ப்பது. அரசாங்கம் மனசாட்சியை அளக்கும் கருவி வைத்திருக்கவில்லை, உண்மைதான். இல்லாத மனந்திரும்புதலை நடித்துக் காட்டவும் ஆட்கள் இருப்பார்கள். குற்றம் செய்யாமலே தண்டனை அனுபவிப்பவர்களும் சிறைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஒப்புக்கொள் என்று கேட்பது இன்னொரு கொடுமை. ஆகவே இதை இயந்திரம்போல் ஒரு நிபந்தனையாக்க முடியாது. ஆனால் பொறுப்பேற்பது என்ற விஷயத்தையே ஒதுக்கிவிட்டு, நன்னடத்தைச் சான்றிதழையும் கழிந்த வருடங்களையும் மட்டும் எண்ணினால் மிஞ்சுவது வெறும் கணக்கு.

இந்தூர்க் கதையில் அந்தக் கணக்கைத் தாண்டிய ஏதோ ஒன்று நடந்தது. சமந்தர் சிங்கைப் பார்க்கச் சிறைக்குப் பல முறை போய்வந்தவர் சுவாமி சதானந்த் என்ற கத்தோலிக்கத் துறவி. செல்மியின் ராக்கி ஒரே நாளில் முளைத்த அற்புதம் அல்ல. அதற்குப் பின்னால் சந்திப்புகள் இருந்தன, உழைப்பு இருந்தது. தான் செய்ததைச் செய்யவில்லை என்று சமந்தர் சிங் சொல்லவில்லை. சரித்திரத்தின்மீது பழிபோடவும் இல்லை. அரசு ஒரு கையெழுத்தால் கதவைத் திறப்பதற்கு முன்பே அங்கே வேறு கதவுகள் திறந்துவிட்டிருந்தன.

ஒவ்வொரு வழக்கிலும் ஒரு செல்மி பால் வர மாட்டார். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். ஆனால் ஒரு சுவாமி சதானந்தை அனுப்பிவைக்க எந்தச் சபையாலும் முடியும். கிறிஸ்துமஸுக்குச் சிறையில் கேக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், தங்கள் ஆட்களைக் கொன்றவர்களைத் தேடிப்போய், வருடக்கணக்கில், அந்தச் சங்கடமான நாற்காலியில் எதிரே உட்கார முடியும். தூக்கு வேண்டாம் என்று அறிக்கை விடுவது எளிது. கயிற்றிலிருந்து இறக்கப்பட்டவன் அதற்குப் பிறகு வாழும் முப்பது நாற்பது வருடங்களுக்கும் நாம் ஏதோ ஒரு விதத்தில் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம். அகஸ்டின் அன்று மார்செல்லினஸிடம் கேட்டதில் பாதியைத்தான் சபைகள் இதுவரை நிறைவேற்றியிருக்கின்றன. கொல்லாதே என்ற பாதியை.